ஒரே பானைச் சோறு

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் தர்மிகா ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. ஏழு வயது. தவணைக்கொரு முறை நிறை பார்க்கும்போதெல்லாம் அவளுடைய புள்ளி மட்டும் நிறை அட்டையின் கோட்டுக்குக் கீழேயே நின்றது. சனிக்கிழமை மத்தியானம் தொடங்கிய சத்தியெடுப்பும் வயிற்றோட்டமும் மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் வருத்தம். உடம்பில் இழக்க ஒன்றுமே இல்லாத இவளுக்கு அதுவே முடிவாகிவிட்டது.

அதே வார்டில் அதே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இன்னும் ஆறு பேர் சேலைன் குழாயோடு படுத்திருந்தார்கள். ஆறு பேரும் தப்பிவிடுவார்கள் என்று டாக்டர் சொன்னார். தர்மிகாவின் தாய் புவனேஸ் அழவில்லை. பிள்ளையின் செருப்பு இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

காலை ஏழு மணிக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நப்ரீஸ் வந்தார். ஊர் வாயில் பி.எச்.ஐ. கொம்பனித்தெருக்காரர், அவர் வாயில் 'இருக்கு' என்பது 'ஈக்கி' ஆகிவிடும். ஊரார் பானைக்குள் மூக்கை நுழைப்பதே இருபது வருடத் தொழில். கல்யாண வீட்டு பிரியாணியைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார் என்று மனைவி ஹப்ஸா கேலி செய்வாள். அன்றைக்கு அவருக்கு எந்தக் கேலியும் நினைவில் வரவில்லை. செருப்பைப் பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் கிளறன்ஸ் வெளியே விறாந்தையில் நின்றார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"கேஸ் லேசு மச்சான்," என்றார் கிளறன்ஸ். "ஏழு பிள்ளைகளுக்கும் பொதுவான சாப்பாடு, வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துல குடுத்தது. சமைச்சது புளோறன்ஸ். அவ விரல்ல பிளாஸ்டர். முடிஞ்சுது."

"எத்தனை புள்ளைகள் சாப்பிட்ட?"

"நூத்திப்பத்து."

"நோய் வந்தது ஏழு பேருக்கு."

"மத்தவங்களுக்கு வயிறு பலமா இருக்கும்."

"ஒரே பானை மச்சான். பானைக்கு ஆள் பார்த்து விஷம் வைக்கத் தெரியாது."

கிளறன்ஸ் கையிலிருந்த போனைப் பார்த்தார். மேலிடத்திலிருந்து இரண்டு தரம் போன் வந்துவிட்டது. யாரையாவது கூட்டிப்போனால்தான் மூன்றாவது போன் வராது.

*

புளோறன்ஸின் வீடு துறைமுகத்துக்குப் போகும் வழியில், ஒரு ஒடுங்கிய சந்துக்குள். புருஷன் துறைமுகத்தில் வேலை செய்து செத்தவர். அவளும் சீனியம்மா என்ற உதவிக்காரியும் மூன்று வருடமாக அந்த வீட்டிலேயே பள்ளிக்கூடத்துக்குச் சமைக்கிறார்கள். நப்ரீஸ் போனபோது கதவில் யாரோ கரியால் கிறுக்கியிருந்ததை சீனியம்மா ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பிள்ளைக்கொல்லி" என்பதில் முதல் பாதி இன்னும் அழியவில்லை.

சமையலறை கண்ணாடிபோல இருந்தது. நப்ரீஸ் குனிந்து, நிமிர்ந்து, மோந்து எல்லாம் பார்த்தார். குறை சொல்ல ஒரு கரப்பான்பூச்சிகூட அகப்படவில்லை.

"வெள்ளிக்கிழமை என்ன சமைச்ச?"

"சோறு, பருப்பு, வல்லாரைச் சம்பல், அவிச்ச முட்டை."

"விரலுக்கு என்ன?"

"தேங்காய் துருவுறப்ப பட்டது சேர். பிளாஸ்டர் ஒட்டி, அதுக்கு மேல கையுறை போட்டுத்தான் முட்டை உரிச்சேன். சீனியம்மாகிட்ட கேளுங்க."

"முட்டை பழசா?"

"ஒவ்வொண்டையும் தண்ணில போட்டுப் பார்ப்பேன். மிதந்தா எறிஞ்சிடுவேன்."

"எப்பவும் வெள்ளிக்கிழமையிலயா முட்டை?"

"முந்தி புதன்கிழமை. இந்தக் கிழமைதான் மாத்தினாங்க. முட்டை வாங்கித் தாற சங்கத்து ஆக்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வர வசதியாம். வந்து படம் எடுத்தாங்க."

"மிச்சம் ஏதாவது ஈக்கா?"

புளோறன்ஸ் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "மிச்சம் எண்டு எங்க சேர் வாறது? நானும் சீனியம்மாவும் அதே சோறு, அதே முட்டைதான் சாப்பிட்டோம்." பிறகு கையை நீட்டினாள். "இந்தக் கையைச் சோதிச்சுப் பாருங்க. இந்தக் கைதான் எண்டா நானே பொலிசுக்குப் போறேன். அந்தப் பிள்ளைக்கு நான் எப்பவும் ஒரு அகப்பை கூடத்தான் போடுறது. அது சாப்பிட்டுட்டு தட்டைக் கழுவித் தந்துட்டுப் போகும்."

சொல்லும்போதே உடைந்துபோனாள். நப்ரீஸ் பஞ்சுக் குச்சியால் விரலைத் தடவிக் குப்பிக்குள் போட்டார். பரிசோதனைக்கூடத்தின் பதில் வர நாலைந்து நாளாகும். அதற்குள் திங்கட்கிழமை வந்தது. மதிய உணவு மறு அறிவித்தல் வரை நிறுத்தம் என்று பள்ளிக்கூட வாசலில் ஒட்டினார்கள். அந்தச் சோற்றை நம்பிக் காலையில் வெறும் தேத்தண்ணியோடு வரும் பிள்ளைகள், இடைவேளைக்குக் குழாயடியில் வரிசையாக நின்று தண்ணீர் குடித்தார்கள்.

*

அதிபர் தில்லைநடராசா ஒழுங்கான மனிதர். வெள்ளை சேர்ட், நெற்றியில் அழியாத நீறு, மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக நேராக அடுக்கிய கோப்புகள். பிள்ளைகளின் நிறையைத் தவணைதோறும் பார்க்கவைத்தவரும் அவர்தான். சாப்பாட்டு மண்டபத்துச் சுவரில் அவர் எழுதவைத்த பலகை தொங்கியது. தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது. உணவை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் பிள்ளையின் பெயர் திட்டத்திலிருந்து நீக்கப்படும்.

"கடுமையான சட்டம்," என்றார் நப்ரீஸ்.

"தேவையான சட்டம். முந்தி பிள்ளையள் சோத்தைப் பையில கட்டிக்கொண்டு போகுங்கள். வீட்டில தம்பி, தங்கச்சி, தாய், தேப்பன். கடைசியில இந்தப் பிள்ளையின்ர வயித்துக்கு என்ன மிஞ்சும்? பிள்ளைக்குக் குடுக்கிறது பிள்ளையின்ர உடம்பில ஒட்ட வேணும். சட்டம் போட்ட பிறகுதான் நிறை கூடினது."

"வெள்ளிக்கிழமை எடுத்த படம் ஈக்கா சேர்?"

"பள்ளிக்கூடத்துப் பேஸ்புக் பக்கத்தில கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அழிச்சுப்போட்டன். செத்த வீட்டு நேரத்தில சிரிக்கிற படம் என்னத்துக்கு?"

அதுவும் நியாயம்தான். ஆனால் கிளறன்ஸ் பொலிஸ் புத்தியோடு தகவல் வந்த சனிக்கிழமை இரவே அதைத் தன் போனில் சேமித்து வைத்திருந்தார். வெளியே வந்ததும் இருவரும் பார்த்தார்கள்.

பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்த நீண்ட வாங்குகள். பின்னால் சங்கத்து ஆட்களும் அதிபரும். ஒவ்வொரு தட்டிலும் வெள்ளைவெளேரென்று ஒரு முழு முட்டை. முன் வரிசையில் தர்மிகா, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, நெற்றியில் நீறு, முன்பல் விழுந்த சிரிப்பு. அவளுடைய தட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரோஸ் நிற பென்சில் பொக்ஸ். அடுத்த வாங்கில் நீல நிறத்தில் ஒன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"என்ன பாவம் செஞ்சது மச்சான் இது," என்றார் கிளறன்ஸ், போனை அணைத்துக்கொண்டே.

நப்ரீஸின் மனம் வேறெங்கோ நின்றது. "விரலில இருந்து நஞ்சு போனா சில மணித்தியாலத்தில சத்தி வரும். வெள்ளிக்கிழமை இருட்டுறதுக்கு முந்தியே வந்திருக்கணும். இவங்களுக்கு வந்தது சனிக்கிழமை மத்தியானம். ஏழு பேருக்கும் அதே நேரம்."

"அப்ப?"

"அப்ப, நஞ்சு வயித்துக்குள்ள போனது சனிக்கிழமை காலையில. ஆனா சனிக்கிழமை பள்ளிக்கூடமே இல்ல."

கிளறன்ஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

*

ஏழு வீடுகளுக்கும் நப்ரீஸ் நடந்தே போனார். ஏழும் ஏழு சந்து. ஒரே கடையில் சாமான் வாங்குபவர்கள் இல்லை, ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்களும் இல்லை. சனிக்கிழமை காலை பிள்ளை என்ன சாப்பிட்டது என்று கேட்டார். பாண், பருப்பு, வேறொன்றும் இல்லை. ஏழு தாய்மாரும் இதையே சொன்னார்கள். ஏழு வீட்டில் ஒரே பதில் வந்தால் ஒன்றில் அது உண்மை, இல்லாவிட்டால் ஏழு பேருக்கும் ஒரே பயம்.

கடைசியாகப் போனது புவனேஸின் வீடு. ஒரு அறை, ஒரு மூலையில் அடுப்பு. மாதம்பிட்டிச் சுடலையில் எல்லாம் முடிந்து வந்திருந்தார்கள். சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கு எரியவில்லை. சுவர் ஆணியில் பள்ளிக்கூடப் பை தொங்கியது. அதன் பக்கத்தில் ஒரு தகரப் பேணிக்குள் பென்சில்கள் நின்றன. அடுப்புக்கு மேலே ஜன்னல் விளிம்பில், கழுவிக் கவிழ்த்த கோப்பை பீங்கான்களோடு ஒரு ரோஸ் நிற பென்சில் பொக்ஸும் கவிழ்ந்து கிடந்தது.

"வெள்ளிக்கிழமை புள்ளை பள்ளிக்கூடத்துல என்ன சாப்பிட்ட அக்கா?"

"குடுத்தததான் சாப்பிட்டுச்சுங்க."

"முட்டையும்?"

புவனேஸ் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "அங்கயே சாப்பிட்டுச்சு. வீட்டுக்கு ஒண்ணும் கொண்டாரல."

கொண்டுவந்ததா என்று அவர் கேட்கவே இல்லை. நப்ரீஸ் ஜன்னலைப் பார்த்தார், பையைப் பார்த்தார். ஏதோ ஒன்று நெருடியது. என்னவென்று பிடிபடவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அதற்குமேல் கேட்க அவருக்கு வாய் வரவில்லை, எழுந்து வந்துவிட்டார்.

வியாழக்கிழமை கிளறன்ஸ் போன் எடுத்தார். "இனித் தாங்காது மச்சான். நாளைக்குப் பின்னேரம் புளோறன்ஸைக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க."

*

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நப்ரீஸ் பள்ளிவாசலுக்கு எதிரே தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்தார். கடைக்காரர் முர்ஷித் அவருக்குப் பழக்கம். கண்ணாடிப் பெட்டி நிறைய முட்டை ரோல்ஸ்.

"எடுங்க நானா, சூடா ஈக்கி. எப்படியும் இண்டைக்கு மிஞ்சத்தான் போகுது."

"ஏன்?"

"வெள்ளிக்கிழமைதானே. கொட்டாஞ்சேனைல பாதிப் பேர் மச்சம் தொடமாட்டாங்க. எனக்குத்தான் புத்தி இல்ல, வழமை போல போட்டுட்டேன்."

நப்ரீஸின் கையில் இருந்த கோப்பை அப்படியே நின்றது. இது அவருக்குத் தெரியாத விஷயமா? கொழும்பில் பிறந்து வளர்ந்த எந்த மனிதனுக்கும் தெரிந்ததுதான். செவ்வாய், வெள்ளி சைவ வீடுகளில் மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை, முட்டையும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்ததால்தான் ஒருவரும் அதை எடுத்துச் சொல்லவில்லை. அவருக்கு வெள்ளி என்றால் ஜும்மா. அடுத்த வீட்டுக்காரருக்கு வெள்ளி என்ன என்பது கண்ணுக்கு முன்னால் நீறு பூசிக்கொண்டு நின்றும் அவர் பார்க்கவில்லை.

கிளறன்ஸ் அனுப்பியிருந்த படத்தைத் தன் போனில் பெரிதாக்கினார். நீறு பூசிய நெற்றிகள். அவர்களில் சிலருக்கு முன்னால் பென்சில் பொக்ஸ். சோறு சாப்பிட வந்த பிள்ளைக்குப் பென்சில் எதற்கு? ஆஸ்பத்திரியில் பார்த்த ஆறு முகங்களைத் தேடினார். ஆறும் இருந்தன, ஆறுக்குப் பக்கத்திலும் பொக்ஸ் இருந்தது. ஏழாவது முகம் முன் வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஆறு ரோல்ஸ் சுத்திக் குடுங்க," என்றார் முர்ஷித்திடம்.

முதலில் புவனேஸிடம் போனார். உட்காரக்கூட இல்லை. ஜன்னலில் இன்னும் கவிழ்ந்து கிடந்த பொக்ஸை மட்டும் காட்டினார். ஐந்து நாளாக அடைபட்டிருந்தது உடைந்தது.

"நாளைக்கு முட்டைன்னு வியாழக்கிழமை பிரேயர்ல சொன்னாங்களாம். வெள்ளிக்கிழமை எப்படிச் சாப்பிடுறதுன்னு பிள்ளை கேட்டுச்சு. டீச்சர் பார்க்காம பொக்ஸுல வச்சுக் கொண்டான்னு நான்தான் சொன்னேன். முட்டையக் குப்பையில போடுற வசதியா எங்களுக்கு? சனிக்கிழமை காலைல கழுவி, வெங்காயம் போட்டுப் பொரிச்சுக் குடுத்தேன். நல்லாத்தான் மணத்துச்சு. அவ ஆசையா சாப்பிட்டா." மூச்சு வாங்கினாள். "வெளிய சொன்னா மத்தப் பிள்ளைங்க பேரெல்லாம் வெட்டிருவாங்கன்னு... ஐயா, நான்தான் கொன்னுட்டனா?"

"இல்ல அக்கா," என்றார் நப்ரீஸ். "நீங்க இல்ல."

மற்ற ஆறு வீட்டிலும் படத்தைக் காட்டியதும் அதே கதைதான் வந்தது, பக்கத்து வாங்குப் பிள்ளைகளும் நடந்ததைச் சொன்னார்கள்.

*

பின்னேரம் மூன்று மணி. அதிபரின் அறை. கிளறன்ஸ் வந்திருந்தார். புளோறன்ஸும் சொல்லியனுப்பியபடி வந்து கதவோரம் நின்றாள், கையில் ஜெபமாலை. நப்ரீஸ் பொட்டலத்தை அவிழ்த்து மேசையில் வைத்தார்.

"முதல்ல தேத்தண்ணி குடிப்போம். எடுங்க சேர், முட்டை ரோல்ஸ்."

தில்லைநடராசா மரியாதையாகக் கையால் மறித்தார். "எனக்கு வேண்டாம். இண்டைக்கு வெள்ளி. நான் தொடமாட்டன்."

நப்ரீஸ் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தர்மிகாவும் தொடல்ல, சேர்," என்றார் நப்ரீஸ்.

அதிபரின் கை மேசைக்கு மேலேயே நின்றுவிட்டது.

நப்ரீஸ் படத்தை அவர் முன்னால் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "பானையில ஒண்டும் இல்ல. புளோறன்ஸ் அக்காட கையிலயும் ஒண்டும் இல்ல, ரிப்போர்ட் காலையில வந்திச்சு. அங்கயே சாப்பிட்ட நூத்திமூணு பேருக்கும் ஒண்டும் ஆகல்ல. நோய் வந்தது சாப்பிடாத ஏழு பேருக்கு. நீறு பூசின மத்தப் புள்ளைகள் சிலர் பக்கத்துல ஈக்கிற கூட்டாளிக்குத் தள்ளிவிட்டாங்க, சில வீட்டுல விரதம் பார்க்கிறதில்ல. இந்த ஏழு பேர் மட்டும் பென்சில் பொக்ஸுக்குள்ள ஒளிச்சாங்க. உரிச்ச முட்டை, புள்ளைட கை பட்ட முட்டை, காத்துப் போகாத பொக்ஸுக்குள்ள, இந்தக் கொழும்பு வெக்கையில ஒரு பகல், ஒரு ராவு. கிருமி பெருகி நஞ்சு ஊறிப்போகும். மணக்காது, நிறம் மாறாது. கழுவினாலும் பொரிச்சாலும் அந்த நஞ்சு போகாது."

"அப்ப தாய்மார்தான்..." என்று தொடங்கினார் கிளறன்ஸ்.

"தாய்மாரை விடு. புதன்கிழமை முட்டையை வெள்ளிக்கிழமைக்கு மாத்தினது யாரு? சாப்பிடாம வச்சா குத்தம், வீட்டுக்குக் கொண்டுபோனா பேர் வெட்டு எண்டு சுவரில எழுதினது யாரு? சாப்பிடவும் ஏலாது, வைக்கவும் ஏலாது, கொண்டுபோகவும் ஏலாது. ஏழு வயசுப் புள்ளை அந்த முட்டையை என்ன செய்யும் சேர்?"

தில்லைநடராசா கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் அவர் திடீரென்று வயதானவராகத் தெரிந்தார்.

"புதனுக்கு வரச்சொல்லிக் கேட்டனான்," என்றார். "அவையள் வெள்ளிதான் ஏலும் எண்டவை. முட்டை தாறவையை எப்பிடிப் பகைக்கிறது? ஒரு நாள்தானே, சின்னப் பிள்ளையள், சாப்பிட்டால் சாமி கோவிக்காது எண்டு நினைச்சன்."

"அதை நான் மன்னிச்சிருப்பேன் சேர். தப்புக் கணக்கு யாருக்கும் வரும். ஆனா சனிக்கிழமை ராவு ஆஸ்பத்திரியில இருந்து ஏழு பேர் பேரையும் உங்களுக்குச் சொன்னாங்க. ஏழு பேரும் யாருண்டு உங்களுக்கு அப்பவே வெளங்கியிருக்கும். இல்லாட்டி படத்தை ஏன் அழிச்சீங்க? சாப்பிட வந்த புள்ளைகளுக்கு முன்னால பென்சில் பொக்ஸ் ஈக்கிறதைக் கண்ட ஒரே ஆள் நீங்கதான். கண்டுட்டு, இந்தப் பொம்புளைட கதவில கரி பூசுறதைப் பார்த்துட்டு ஈந்தீங்க."

அதிபர் தலையை ஆட்டினார். ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. கழற்றிய கண்ணாடியைக் கோப்புகளின்மேல் வைத்தார். "பேரைக் கேட்ட உடனே விளங்கிப்போச்சு. வாய் திறக்கேல்ல. பயந்திட்டன்."

புளோறன்ஸ் திட்டுவாள் என்று கிளறன்ஸ் எதிர்பார்த்தார். அவள் ஜெபமாலையைப் பையில் போட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"திங்கக்கிழமை சமைக்கலாமா சேர்? பிள்ளைகள் ஒரு கிழமையா தண்ணியக் குடிச்சிட்டு நிக்குது."

வெளியே வந்து ஜீப்பில் ஏறும்போது கிளறன்ஸ் மெதுவாகக் கேட்டார். "அந்தத் தாயை நான் என்ன செய்யுறது மச்சான்? வாக்குமூலத்துல பொய் சொல்லியிருக்கா."

"அவளுக்குக் கிடைச்சதை விட பெரிசா உன் சட்டத்துல ஏதாவது ஈந்தா போய்ப் பிடி."

கிளறன்ஸ் ஜீப்பை எடுத்தார். புவனேஸின் சந்துப் பக்கம் அவர் திரும்பவில்லை.

*

அதிபரை விசாரணை முடியும்வரை வேறிடத்துக்கு மாற்றினார்கள். பலகையைக் கழற்றினார்கள். அடுத்த புதன்கிழமை மண்டபத்தில் மறுபடியும் முட்டை. நப்ரீஸ் கடைசிப் பிள்ளை கடைசி வாயை விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டு, புவனேஸின் வீட்டுக்கு நடந்தார்.

"எல்லாரும் அங்கயே சாப்பிட்டாங்க அக்கா," என்றார், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

அவள் தலையசைத்தாள். "நல்லாக் கழுவினேங்க. ரெண்டு தரம்."

"தெரியும். யார் கழுவியிருந்தாலும் போகாது."

கழுவுங்கள், மூடுங்கள், நன்றாகச் சூடாக்குங்கள் என்று இருபது வருடமாக வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். அவள் அதில் ஒன்றையும் விடவில்லை. அதை நினைக்க அவருக்குக் கண் கலங்கியது.

புவனேஸ் ஜன்னலிலிருந்து பொக்ஸை எடுத்தாள். சேலைத் தலைப்பால் உள்ளே துடைத்தாள். தகரப் பேணியிலிருந்த பென்சில்களை ஒவ்வொன்றாக அதற்குள் அடுக்கினாள். ஒன்றின் நுனியில் சின்னப் பல் பதிந்திருந்தது.

"பாதி உனக்கு அம்மான்னு அவ சொன்னா. முட்டைய ரெண்டாப் பிச்சு நீட்டினா. எனக்குப் பசிக்கலன்னு பொய் சொல்லி முழுசையும் அவளுக்கே ஊட்டிவிட்டேன். பாதியா இருந்திருந்தா தப்பியிருப்பாளோ ஐயா?"

அந்தக் கேள்விக்கான பதில் நப்ரீஸுக்குத் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. புவனேஸ் பொக்ஸை மூடி, ஆணியில் தொங்கிய பைக்குள் வைத்தாள்.